திங்கட்கிழமை வயிற்றுவலி

2023 ஜூனில் தொடங்கிய கல்வியாண்டில் என் மகளின் பள்ளிக்கு மொத்த வேலைநாட்கள் 212. அதில் அவள் போகாத நாட்கள் 68. இந்த இரண்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். அத்தனை விண்ணப்பங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடுவது போலப் பாப்பா என்றே சொல்கிறேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதும்மா, ஆனா அந்த வேன் விஷயத்தையும் எழுதணும்" என்றாள். எழுதுகிறேன்.

நாங்கள் மன்னார்குடி. அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நான், பாப்பா, மாமியார். காலை பத்து மணிக்கு மேல் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதப் போவேன், மாதம் 9,000 சம்பளம். பாப்பா படிப்பது சிபிஎஸ்இ பள்ளி. எட்டாம் வகுப்பு வரை முதல் ஐந்து ரேங்கை விட்டு இறங்கியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளிக்குப் போக மறுப்பது படிப்பு வராத பிள்ளைகளின் வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஜூலைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்றாள். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன். பதினோரு மணிக்கு எழுந்து இட்லி சாப்பிட்டாள். அடுத்த வாரமும் திங்கட்கிழமை அதே வலி. அப்புறம் ஒரு வியாழன். தலைவலி, குமட்டல், ஒருநாள் நெஞ்சு படபடப்பு. ஞாயிறு மாலை ஆனாலே முகம் மாறிவிடும், சோறு இறங்காது. சனிக்கிழமை ஒருநாளும் வலிக்கவில்லை. இப்போது சொல்லும்போது இதைவிட வெளிப்படையாக ஒரு விஷயம் இருக்க முடியாது என்று தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது எல்லாம் வயிறு என்றால் வயிற்று டாக்டர் என்பதுதான்.

அக்டோபர் வரை இப்படி 14 நாள் லீவு. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அக்டோபர் 25, புதன்கிழமை பள்ளி திறந்தது. அன்று யூனிஃபார்ம் போட்டாள், ஷூ போட்டாள், வாசல்படியில் உட்கார்ந்தாள், எழவில்லை. வேன் ஹாரன் அடித்தபடி நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். எனக்கு என்ன ஆனதோ, கையைப் பிடித்து இழுத்தேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் ஓர் அறை விட்டு, பையோடு தூக்கி வேனுக்குள் தள்ளினேன். உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனையும் பார்த்தன. பள்ளியிலிருந்து ஒன்பதரைக்கு போன், "மூச்சு விட முடியலைங்கிறா, வந்து கூட்டிட்டுப் போங்க". அன்றைக்குப் பிறகு மூன்று மாதம் அவள் பள்ளிக்குள் கால் வைக்கவில்லை. வேன் விஷயம் என்று அவள் சொன்னது இதைத்தான்.

இழுத்துப்போவது ஒரு தப்பு என்றால் அடுத்து நான் செய்தது அதற்கு நேர் எதிரான தப்பு. குற்ற உணர்ச்சியில், சரி, பிள்ளை கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓய்வெடுத்தால் தெளிந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் உண்மையிலேயே தெளிந்தாள், சிரித்தாள்கூட. நான் கடைக்குப் போனதும் மாமியார் டிவி போட்டுக் கொடுப்பார், போன் கையில் இருக்கும், இரவு இரண்டு மணி வரை முழிப்பு, காலை பத்துக்கு எழுவது. ஒரு வாரம் போனதும் பள்ளி என்ற சொல்லை எடுத்தாலே கை நடுங்க ஆரம்பித்தது. போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு அப்போதைக்கு நிம்மதி தந்து, பயத்தை ஒரு சுற்று பெருக்க வைத்தது என்பதைப் பின்னால் டாக்டர் விளக்கினார். நாய்க்குப் பயந்து தெருவை மாற்றிப் போகிறவனுக்கு நாய் பயம் குறையுமா, வருடா வருடம் கூடத்தான் செய்யும் என்றார். விட்டுவிட்ட நாட்களில் பாடமும் ஓடிவிடும், தோழிகளும் கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள், "ஏன் வரலை?" என்ற கேள்விக்குப் பதில் தயாரிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

இனி பணக் கணக்கு. குடல் டாக்டரிடம் நான்கு முறை, 2,000. ரத்தப் பரிசோதனைகள் 2,800. வயிறு ஸ்கேன் 1,200. திருச்சியில் எண்டோஸ்கோபி 6,500. தலைவலிக்கு சிடி ஸ்கேன் 4,500. மாத்திரை, டானிக் 4,000. திருச்சிக்கு இரண்டு முறை வாடகைக் கார் 6,400. ஆக 27,400 ரூபாய். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். நார்மல் என்று வரும்போதெல்லாம் எனக்கு நிம்மதிக்குப் பதில் கோபம்தான் வந்தது, அப்போ நடிக்கிறாளா என்று. ஒருநாள் அதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வலி நிஜம் என்று எனக்கு யாராவது அப்போது சொல்லியிருக்க வேண்டும். பயம் வந்தால் குடல் இறுகும், அமிலம் சுரக்கும், குமட்டும். பரீட்சை அன்று காலையில் நமக்கே இரண்டு தடவை கழிவறைக்குப் போகத் தோன்றவில்லையா? ஸ்கேனில் தெரியாது என்பதால் வலி இல்லை என்று ஆகாது.

இது தவிர, கட்டிவிட்ட டெர்ம் ஃபீஸ் 24,000, வேனுக்கு 6,000, விட்டதைப் பிடிக்கலாம் என்று ஒரு டியூஷன் சென்டரில் கட்டிய முன்பணம் 12,000. அந்த டியூஷனுக்கு அவள் போனது இரண்டு நாள். உரக்கடையில் எனக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டோம், நாகூருக்குப் போய் வந்தோம், மாமியார் ஊரில் ஒருவர் வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டினார். கோயிலுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை, அந்த வழிப் பயணங்களில்தான் பாப்பா கொஞ்சம் பேசினாள். வேப்பிலைக்காரர் மட்டும் "பொண்ணு மனசுல ஒரு பையன் இருக்கான்" என்று கூடியிருந்தவர்கள் காதுபடச் சொன்னதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. அதைக் கேட்டுவிட்டு வந்து அன்றிரவே அவள் போனை எடுத்து முழுக்கத் தோண்டினேன். பூனை வீடியோக்களும் கூகுளில் "எல்லார் முன்னாடியும் வாந்தி வராமல் இருக்க என்ன செய்வது" என்று தேடியதும்தான் இருந்தன. அதைப் படித்தும் எனக்குப் புரியவில்லை பாருங்கள். வயிற்றுக் கோளாறுக்குத் தேடியிருக்கிறாள் என்று போனை வைத்துவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒருநாள் இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "நான் இல்லைன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதியா இருக்கும்ல" என்றாள். சாதாரணமாக, மறுநாள் சாம்பாரா குழம்பா என்று கேட்கிற குரலில் சொன்னாள். "லூசு மாதிரி பேசாத, போய்ப் படு" என்று அனுப்பிவிட்டு இரவெல்லாம் முழித்திருந்தேன். விடிந்ததும் தம்பிக்குப் போன் செய்து, கொல்லையில் வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்துப் போகச் சொன்னேன். மாமியாரின் தூக்க மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதை மட்டும் யாரும் சொல்லாமலேயே சரியாகச் செய்தேன் என்று பின்னால் டாக்டர் சொன்னார். டெல்டாவில் எந்த வீட்டில் மருந்து டப்பா இல்லை? பிள்ளை இப்படி ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே அதை வீட்டை விட்டு வெளியேற்றிவிடுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் போய்ப் படு என்றேன். அது தப்பு.

அன்று காலை 14416-க்குப் போன் செய்தேன். டெலிமானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். (தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம்.) இருபது நிமிடம் நான் அழுததைத்தான் அந்தப் பெண் அதிகம் கேட்டிருப்பார். கடைசியில் அவர் சொன்னது, தனியாரைத் தேடி அலைய வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாளைக்கே போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று. திருவாரூரிலும் இருக்கிறது, தஞ்சாவூரிலும் இருக்கிறது. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று நான் தஞ்சாவூரைத் தேர்ந்தெடுத்தேன். போய்ப் பார்த்தால் ஓபி வரிசையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அம்மாவும் மகனும்! அவர்கள் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், நான் அவர்களைப் பார்த்துத் திருப்பிக்கொண்டேன். அடுத்த மாதம் மூன்றாம் தடவை பார்த்தபோது சேர்ந்து டீ குடித்தோம்.

டாக்டர் முதலில் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வேலை கொடுத்தார். ஜூனிலிருந்து அவள் எந்தெந்த நாள் போகவில்லை, கிழமையோடு எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கள் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கோடு சேர்த்து அவள் லீவு நாட்களையும் குறித்திருந்தேன், வேன்காரரிடம் கழித்துக் கேட்கலாம் என்று. வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஆயுத பூஜைக்கு முந்தைய 14 லீவில் ஒன்பது திங்கட்கிழமை. நான்கு வியாழக்கிழமை. ஒன்றே ஒன்றுதான் நிஜக் காய்ச்சல். ஆறு மாதமாக அடுப்புக்கு மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது பதில், நான் 27,400 ரூபாய்க்கு அதை வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளையின் லீவு மாதம் இரண்டு, மூன்று என்று ஏறினால் ரிப்போர்ட் கார்டுக்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, விடுமுறைக்கு அடுத்த நாளா, எத்தனை மணிக்கு வலி தெளிகிறது. பத்தில் ஒரு நாள் லீவு என்றாலே கவனிக்க வேண்டிய கட்டம் என்று பல நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 212 நாளுக்கு அது 21 நாள். எனக்கு 14-ல் மணி அடித்திருக்க வேண்டும்.

சரி, வியாழன் ஏன்? அதை டாக்டரும் கேட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. இரண்டாம் தடவை தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள், பக்கத்தில் நான். வடுவூர் ஏரியில் பறவைகள் வந்திறங்கும் நேரம். அதைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். வியாழக்கிழமை அறிவியல் பாடவேளையில் ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பாடம் நடத்த வேண்டும். ஜூலையில் அவள் முறை. எழுந்து நின்றதும் நெஞ்சு அடித்திருக்கிறது, கை வியர்த்திருக்கிறது, இரண்டாவது வரியில் கரும்பலகைக்கு முன்னாலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியை திட்டவில்லை, முகம் கழுவிவிட்டு வா என்று அனுப்பினார், அவ்வளவுதான், வீட்டுக்குத் தகவல் இல்லை. அவள் கழிவறையில் பாவாடையை அலசிக்கொண்டு ஈரத்தோடு மாலை வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். அடுத்த ஒரு வாரம் அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் பின் பெஞ்சில் சிலர் உவ்வே என்று சத்தம் எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஈர யூனிஃபார்மோடு வந்தவளை "குழாயில விளையாடிட்டு வர்றியா, வயசென்ன ஆகுது" என்று திட்டியிருந்தேன்.

மறுபடி அது நடந்துவிடுமோ என்ற பயம், அந்தப் பயமே குமட்டலைக் கொண்டுவரும், குமட்டல் வந்ததும் பயம் நிஜமாகிவிடும். இந்தச் சுழலைத்தான் அவள் வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கே வேறு பெயர் தெரியவில்லை. "ஏன் போகமாட்டேங்குற?" என்று தினமும் காலை ஏழரைக்கு நான் கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இருந்திருக்க முடியாது. ஏழரை மணி பயத்தின் உச்சி. அப்போது கேட்பது வீண். இரவு, இருட்டில், பக்கவாட்டில் உட்கார்ந்து, வெங்காயம் உரிக்கும்போது, பஸ்ஸில், இப்படித்தான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். ஏன் என்பதைவிட "எந்தப் பீரியட் ரொம்பக் கஷ்டம்?" என்பது நல்ல கேள்வி, அதற்கு விரலை நீட்டியாவது பதில் சொல்லிவிடலாம்.

தஞ்சாவூர் மருத்துவமனையில் இருந்த உளவியலாளர் ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு விளக்கினார். கிறிஸ்டோபர் கேர்னி என்று அமெரிக்காவின் நெவாடாவில் இதையே பல வருடங்களாக ஆராய்ந்தவர் பிரித்துக் காட்டிய முறையாம். பிள்ளை பள்ளியைத் தவிர்ப்பது நான்கில் ஒன்றுக்காகவோ, ஒன்றுக்கு மேற்பட்டதற்காகவோ இருக்கும். பள்ளியில் ஏற்படும் கலக்கத்திலிருந்து தப்பிக்க, மற்றவர்கள் தன்னை எடைபோடும் தருணங்களிலிருந்து தப்பிக்க, வீட்டில் இருப்பவரின் அருகாமைக்காக, வெளியே அல்லது வீட்டில் கிடைக்கும் சுவாரசியத்துக்காக. பாப்பாவுக்குத் தொடங்கியது இரண்டாவதில். டிவியும் போனுமாக மூன்று மாதத்தில் நான்காவதையும் நானே சேர்த்துவிட்டிருந்தேன். கட் அடித்துவிட்டு ஊர் சுற்றுவது வேறு, இது வேறு என்பதும் அன்றுதான் தெரிந்தது. கட் அடிக்கிற பிள்ளை வீட்டுக்கு மறைக்கும், பதற்றமும் பெரிதாக இருக்காது. இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத் தெரிந்தே வீட்டில்தான் இருப்பார்கள், போக வேண்டும் என்று நினைப்பார்கள், போக முடியாது. பாப்பா தினமும் இரவு டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்கி வைப்பாள். மூன்று மாதமும் அடுக்கினாள்.

எத்தனை வீட்டில் இது என்று தெரிந்துகொள்ள இரவில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் பத்து முதல் பத்தொன்பது வயதில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன, பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவதில்லை என்றும் சொல்கிறது. பாப்பாவுக்கு அப்போது சரியாக 14. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம். நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். ஜப்பானில் இப்படிப் பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கு ஃபுடோகோ என்று தனிப் பெயரே உண்டு. 2023-24-ல் மட்டும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 3,46,482 பிள்ளைகள். அந்த எண்ணைப் பார்த்தபோது, கேவலம்தான், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மருந்தும் கொடுத்தார்கள், தினம் ஒரு மாத்திரை. பழக்கமாகிவிடுமா என்று மாமியார், கல்யாணத்துக்குத் தடையாகுமா என்று நாத்தனார். இது அடிமையாக்குகிற வகை இல்லை, ஆனால் வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது, முதல் வாரம் குமட்டல் கூடலாம், தூக்கம் கெட்டாலோ மனநிலை மோசமானாலோ உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைத்தார். சொல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே நிறுத்தியிருப்பேன். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படாது, பலருக்குப் பேச்சும் பயிற்சியும் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சைக்கு ஓபி சீட்டு, ஆலோசனை, மாத்திரை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு பஸ் காசு.

பயிற்சி என்பது படிக்கட்டு மாதிரி. முதல் வாரம் பள்ளியே கிடையாது. ஆறரைக்கு எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, சாப்பிட்டுவிட்டு, வீட்டு மேசையில் பள்ளி நேரப்படி உட்கார வேண்டும். நாலு மணி வரை டிவி, போன் கிடையாது, இது தண்டனை இல்லை, பள்ளி நேரம் என்றால் பள்ளி நேரம் என்று சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். (சிரித்த முகம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாமியாருக்கு மதிய சீரியல் போனது அதைவிடக் கஷ்டம்.) இரண்டாம் வாரம் ஞாயிறு மாலை ஆளில்லாத பள்ளி கேட் வரை நடை. அப்புறம் மாலை மூன்று மணிக்கு நூலகத்தில் அரை மணி, மணி அடித்ததும் எல்லோரோடும் வீட்டுக்கு. காலையில் தொடங்காமல் கடைசியிலிருந்து தொடங்கியது எனக்கு ஆச்சரியம். ஆனால் அதுதான் சுலபம், போனதும் முடிந்துவிடும். பிறகு கடைசி இரண்டு பாடவேளை, பிறகு மதியச் சாப்பாட்டிலிருந்து. ஒரே விதி, பயம் உச்சியில் இருக்கும்போது கிளம்பி வரக் கூடாது. எங்கேயாவது உட்கார்ந்து அது இறங்கும்வரை இருந்துவிட்டு வரலாம். இறங்கும். உச்சிக்குப் போன பயம் அங்கேயே நிற்காது என்பதை உடம்பு தானே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு படி ஏறினால் ஒரு படி சறுக்கியது. பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க மறுபடி கேட்டிலேயே நின்றுவிட்டது. படியை இன்னும் சின்னதாக்குங்கள் என்றார் உளவியலாளர். கேட்டுக்கும் நூலகத்துக்கும் நடுவில் இருந்த வாட்ச்மேன் பெஞ்சை ஒரு படியாக்கினோம்.

இதற்குப் பள்ளி ஒத்துழைக்க வேண்டுமே. முதல் தடவை நான் போய் முதல்வரிடம் ஒரு மணி நேரம் எங்கள் கதை முழுவதையும் அழுதுகொண்டே சொன்னேன். "டிசி வாங்கிக்கோங்கம்மா, பிள்ளைக்கும் மாற்றமா இருக்கும்" என்றார். இரண்டாம் தடவை கதை சொல்லவில்லை. ஒரு தாளில் மூன்றே கோரிக்கை எழுதி, டாக்டர் சீட்டின் நகலை இணைத்துக் கொடுத்தேன். மார்ச் வரை தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம். படபடப்பு வந்தால் ஓர் அட்டையைக் காட்டிவிட்டு, காரணம் சொல்லாமல் நூலகத்துக்குப் போய் உட்காரலாம். வியாழன் பாடம் நடத்துவதிலிருந்து ஆண்டுத் தேர்வு வரை விலக்கு. மூன்றும் செலவில்லாதவை, கையெழுத்துப் போட்டுவிட்டார். முறையிடுகிற பெற்றோரைவிட எழுதிக் கேட்கிற பெற்றோருக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கிறது, அது நியாயமோ இல்லையோ. நூலகப் பொறுப்பில் இருந்த மிஸ் மட்டும் தானாக ஒன்று செய்தார். பாப்பா வந்து உட்காரும் நேரத்தில் அவளிடம் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலை கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. வருடக் கடைசியில் நூலகத்தில் பாதி அலமாரி பாப்பா கையெழுத்தில் இருந்தது.

வருகைக் கணக்கு கடைசித் தலைவலி. சிபிஎஸ்இயில் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவக் காரணத்துக்குச் சான்றுகளோடு விலக்குக் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்புக்கும் எங்கள் பள்ளி அதே அளவைத்தான் பார்த்தது. பாப்பாவுக்கு 68 சதவீதம்கூட முழுசாக வரவில்லை. பிள்ளை லீவு போடும்போதே ஒவ்வொரு முறையும் எழுத்தில் லீவ் லெட்டர் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். வருடக் கடைசியில் மொத்தமாக ஒரு சான்றிதழ் கொண்டுபோனால் யாரும் நம்புவதில்லை. என்னிடம் பாதிக்குத்தான் இருந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்ன ஆதாரம் என்று கேட்டபோது கைகொடுத்தது எது தெரியுமா, திருச்சி எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டும் சிடி ஸ்கேனும்! 27,400 ரூபாய்க்கு வாங்கிய ஒரே பயன் அது. மனநலப் பிரிவு முத்திரை விழுந்த சான்றிதழைக் கொடுக்கப் பயந்தேன். டாக்டரிடம் சொன்னால் நோயின் பெயரை எழுதாமல், சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வும் படிப்படியான வருகையும் தேவை என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது.

குவைத்திலிருந்து அவர் தினமும் கேட்கும் முதல் கேள்வி "ஸ்கூல் போனாளா?" என்பதுதான். ஆரம்பத்தில் "ரெண்டு போட்டு அனுப்பு" என்றவர். உளவியலாளர் சொல்லி, அந்தக் கேள்வியை நிறுத்தச் சொன்னேன். அதற்குப் பதில் என்ன பேசுவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை, இரண்டு நாள் வீடியோ காலில் அப்பாவும் மகளும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் தன் அறையில் சாம்பார் வைப்பதைக் காட்டி, "உப்பு கூடிப்போச்சு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். இப்போதும் அவர்கள் பேச்சு சமையலைப் பற்றித்தான்.

பத்தாம் வகுப்பில் அவள் வருகை 81 சதவீதம். மாத்திரையை டாக்டர் சொன்னபடி மெல்லக் குறைத்து நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. அறிவியல் ஆசிரியையிடம் முதலில் தனியாக, பிறகு இரண்டு தோழிகள் முன்னால், பிறகு பாதி வகுப்பு முன்னால் என்று பாடம் நடத்திவிட்டாள். முழு வகுப்பு முன்னால் இன்னும் இல்லை. டியூஷன் முன்பணம் 12,000 இன்னும் வரவில்லை. "நான் வேணா போய்க் கேட்கவா?" என்கிறாள் பாப்பா. கேட்டாலும் கேட்பாள்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குக் கீழே போகாத நாளுக்கு வட்டம், பாதி நாளுக்கு அரை வட்டம் போடுகிறேன், அவளுக்கும் தெரியும். நேற்று திங்கட்கிழமை. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு எழுந்து தானே சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டாம் பீரியடுக்குப் போனாள். அரை வட்டம் போடுவதா வேண்டாமா என்று கேட்டேன். "அதெல்லாம் போடக் கூடாது, ஒரு பீரியட்தானே" என்று சண்டை பிடித்தாள். போடவில்லை.